எப்ப கட்டுவீங்க?

"உனக்கு வாய் எதுக்கு இருக்கு, கொட்டாவி விடவா?" என்று கணக்கு டீச்சர் ஒருமுறை என்னிடம் கேட்டார். வகுப்பே சிரித்தது. ‘சாப்பிடவும்தான் டீச்சர்’ என்று ஒரு பதில் எனக்குள் எழுந்தது. தொண்டைவரை வந்து, வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டபோது, டீச்சர்களில் பாதிப் பேருக்கு என் குரல் கட்டையா மெல்லிசா என்றுகூடத் தெரியாது.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அப்பா தன் போனைக் கொடுத்து, "இனிமே நீதான் எடுக்கணும்" என்றார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா கொத்தனார். ஊரில் அவருக்கு ரசமட்டம் என்று பேர். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சின்னக் கருவி எப்போதும் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது ஒரு காரணம். யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே மாட்டியிருக்கும் படத்தை நேராக்காமல் உட்கார மாட்டார் என்பது இன்னொன்று. அவ்வளவு நேர் பார்க்கிற மனிதர், ஒரு பெரிய கடை வாசலில் டை கட்டிய பேங்க் பையன் நீட்டிய தாளில் மட்டும் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கிரெடிட் கார்டு வந்தது. "நம்மள நம்பி இவ்வளவு தர்றான் பாரு. கூடப் பொறந்தவன்கூடத் தர மாட்டான்" என்று அம்மாவிடம் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்தக் கார்டில் கலவை மெஷின் வாங்கினார். அந்தக் கார்டுக்குக் கட்டுவதற்காக அதே பேங்கில் இன்னொரு கார்டு வாங்கினார். பிறகு சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மெஷினை விற்று வைத்தியம் பார்த்தோம். எலும்பும் கூடியது, வட்டியும் கூடியது. எலும்பு மட்டும் ஒரு கட்டத்தில் கூடுவதை நிறுத்திக்கொண்டது.

போன் வர ஆரம்பித்தது. முதலில், "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா சார்" என்றுதான் வந்தார்கள். அப்பா நெகிழ்ந்துபோனார். கால் வலி, மாத்திரை, தூக்கம் வராதது எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னார். சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு தூரம் விசாரித்ததில்லை. பிறகு ‘சார்’ ‘மிஸ்டர்’ ஆகி, ‘மிஸ்டர்’ ‘என்னய்யா’ ஆனது. கரகரவென்று ஒரு குரல் வரும். பேச ஆரம்பித்தால் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அதற்கு நாங்கள் கரகரப்பு என்றே பேர் வைத்தோம்.

ஒருநாள் அப்பா குரலை மாற்றிக்கொண்டு, "அண்ணன் வெளியூர் போயிருக்காருங்க. நான் அவர் தம்பி" என்றார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றது கரகரப்பு. "தம்பியே கட்டிடுங்க."

அதோடு அப்பா போன் எடுப்பதையே விட்டுவிட்டார். புது எண் எதுவாக இருந்தாலும் தொட மாட்டார். போனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அது உள்ளிருந்து உறுமும்.

"போனுக்குப் போர்வை போத்திப் படுக்க வச்சிருக்கீங்களே, அதுக்குக் காய்ச்சலா?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. எதையும் சுருக்கமில்லாமல்தான் பேசுவாள்.

கடன்காரர்கள் புது எண்ணிலிருந்து வருவார்கள். வேலை கொடுக்க நினைப்பவர்களும் புது எண்ணிலிருந்துதான் வருவார்கள். இது எங்களுக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது. அப்பாவுக்கு வேலை பிடித்துத் தருகிற பெயின்ட் கடைக்காரர்தான் வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "யோவ் ரசமட்டம், உன் நம்பரைக் கொடுத்துக் கொடுத்து எனக்கு வாய் வலிக்குது. ஒருத்தருக்கும் எடுக்க மாட்டேங்கிறியாமே. செத்துகித்துப் போயிட்டியான்னு கேக்குறாங்கய்யா."

அன்றைக்குத்தான் போன் என் கைக்கு வந்தது.

"இவகிட்டயா?" என்றாள் அம்மா. "வீட்டுக்கு வந்த மாமாவுக்குத் தண்ணி கொடுக்கச் சொன்னா, சொம்பை வாசப்படியில வச்சுட்டு ஓடினவ. இந்த ஊமைக்கோட்டானா பேசப் போகுது?"

"அதுக்குத்தான் இவ. பேச்சுக் கொடுத்தாதானே வம்பு" என்றார் அப்பா. "கண்ணு, வேலைன்னா விவரம் கேட்டு வை. கடன்னா அப்பா இல்லைன்னு சொல்லி வச்சிடு. அவ்வளவுதான்."

முதல் போன் மறுநாள் காலையிலேயே வந்தது. ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. எப்ப கட்டுவீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

வேலை. அப்பா எப்போதும் கேட்பதை நானும் கேட்டேன். "எவ்வளவு நீளம்?"

"நீளமா? அது ரொம்ப நீண்டு போச்சும்மா. அதான் மேலிடத்துல கோபமா இருக்காங்க."

"உயரம்?"

"ஏறிக்கிட்டேதான் இருக்கு. இன்னைக்கே கட்டினா இதோட நிக்கும். மொத்தமாக் கட்டிடுங்க, அதுதான் நல்லது."

"மொத்தமாக் கட்டக் கூடாதுங்க" என்றேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். "ஒரே நாள்ல கட்டினா சரிஞ்சு விழுந்துடும். கொஞ்சம் கட்டணும், காய விடணும், அப்புறம் மறுபடி கட்டணும்."

"எதைம்மா காய விடணும்?"

"சுவரைத்தான். அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டாச்சா?"

"அஸ்திவாரமா? கையெழுத்துதாம்மா போட்டிருக்கு. உங்க அப்பா, ரெண்டு கார்டுக்கு" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டது. எனக்கும் புரிந்துவிட்டது. போனை வைத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் யாரோ ஒருத்தி நான் சொன்னதைக் கேட்டு இப்படி மூச்சு வாங்கச் சிரிப்பது எனக்குப் புதிது. வைக்க மனம் வரவில்லை.

"தங்கச்சி" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காலையிலிருந்து திட்டு வாங்கியே காது புளிச்சுப் போச்சு. நீ நல்லா இரு."

அவளை நான் வசூல் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். போனில் ஒரு சௌகரியம் இருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நான் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். சுவர் சிரிக்காது. மூலைக்குத் திரும்பி நின்றுகொண்டால் எனக்குக் கிண்டல்கூட வந்தது. வசூல் அக்காவும் தினமும் கூப்பிட்டாக வேண்டும். அது அவள் வேலை.

"தங்கச்சி, மேனேஜர் பின்னாடி நிக்கிறாரு. கொஞ்சம் கோபமாப் பேசுறேன், தப்பா எடுத்துக்காதே."

"பேசுங்கக்கா."

"இதுதான் உங்களுக்குக் கடைசி எச்சரிக்கை. இதுக்கு மேல நாங்க பொறுக்க மாட்டோம்." பிறகு கிசுகிசுப்பாக, "போயிட்டாரு. எப்படி இருந்துச்சு?"

"கடைசின்னு முந்தாநாளும் சொன்னீங்களேக்கா."

"அது முந்தாநாளோட கடைசி."

அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்: ஒரு நல்ல வேலை வந்து முன்பணம் கிடைத்தால், இரண்டு கார்டையும் சேர்த்துத் தவணையாகக் கட்டுகிறோம் என்று கேட்கலாம். அவளால் மேலே பேசிப் பார்க்க முடியும். ஆனால் போனில் யார் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது, அவளே சொன்னாலும். எழுத்தில் வாங்க வேண்டும்.

ஆக, எங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல வேலை. அது ஒரு மத்தியானம் வந்தது. நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போன் கீழே இருந்தது. விடாமல் அடிக்கவும், அப்பாவே எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

பேசியது வயதான பெண் குரல், அதிகாரமான குரல். "என்னங்க, எத்தனை தடவை கூப்பிடுறது? எப்பத்தான் கட்டப் போறீங்க?"

அப்பாவுக்கு அன்று என்ன தைரியமோ. பத்து நாளாக நான் பேசுவதை ஒட்டுக் கேட்டு அவருக்கும் குளிர் விட்டிருக்க வேண்டும். "கட்ட முடியாது" என்றார்.

"முடியாதா? அப்ப நாங்க வேற ஆளை வச்சுப் பாத்துக்கிறோம்."

"ஆள் வச்சு மிரட்டுறீங்களா? எத்தனை ஆள் வேணும்னாலும் அனுப்புங்க. எல்லாரும் வந்து நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

வைத்தார். கடன் போன் எதுவானாலும் பேசி முடித்ததும் அந்த எண்ணைத் தடுத்துவிட்டு, வந்த அழைப்புகளையும் சுத்தமாக அழித்துவிடுவது அப்பாவின் பழக்கம், வேலை முடிந்ததும் கலவைச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதுபோல. கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்கு வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "இன்னைக்குக் கொடுத்தேன் பாரு ஒண்ணு. இனிமே ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாங்க."

சாயங்காலம் பெயின்ட் கடைக்காரர் கூப்பிட்டார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "பேசினாங்களா? பிள்ளைங்க பள்ளிக்கூடம் நடத்துற அம்மா. லாரி இடிச்சுச் சுற்றுச்சுவர் மொத்தமும் போச்சாம். ரசமட்டத்தை விட்டா ஆளே இல்லைன்னு உங்க நம்பரைக் கொடுத்து விட்டேன்."

அப்பா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். எதிரே படம் கோணலாகத் தொங்கியது. அதைக்கூட நேராக்கவில்லை.

"எந்தப் பள்ளிக்கூடம்னு கேளு" என்று என்னிடம் கையைக் காட்டினார்.

"அதைக் கேக்கலையேம்மா" என்றார் பெயின்ட் கடைக்காரர். "தடுக்கி விழுந்தா ஒரு பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கு இந்த ஊர்ல. ஏன், பேசலையா?"

"பேசினாங்க மாமா" என்றேன். "அப்பாவும் பேசினாரு."

அம்மா அப்பாவைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்து என் மடியில் வைத்து, "தடுத்து வச்சதெல்லாம் ஒரு இடத்துல இருக்கும்ல? அதுல ஒண்ணுதான் அந்தம்மா. ஒவ்வொண்ணாக் கூப்பிடு" என்றாள்.

பட்டியலைத் திறந்தேன். பேரில்லாத எண்கள் வரிசையாக நின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியவில்லை. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கடன்காரர்கள். வருகிற போனை எடுப்பது வேறு. நாமாகக் கூப்பிடுவது வேறு. நான் மூலைக்குத் திரும்பிக்கொண்டேன்.

"வணக்கம். சுவர் கட்டணும்னு பேசினது நீங்களா?"

"கார்டு நம்பர் சொல்லுங்க."

"கார்டு இல்லைங்க, சுவர்."

"சுவர் நம்பர் சொல்லுங்க" என்றது அந்தத் தூக்கக் குரல். வைத்துவிட்டேன்.

அடுத்தவர் விவரம் கேட்டுவிட்டு நெகிழ்ந்துபோனார். "இந்த வேலைக்கு வந்த நாளாப் பாக்குறேன், யாரும் எங்களைத் திருப்பிக் கூப்பிட்டதே இல்லைம்மா. ஒரு நிமிஷம் இரு, பக்கத்து சீட்டுக்காரருக்கு ஸ்பீக்கர்ல போடுறேன்." இன்னொரு எண்ணில் ஒரு மெஷின், ஒன்றை அழுத்துங்கள் இரண்டை அழுத்துங்கள் என்றது. அதற்கடுத்த எண்ணை எடுத்தது கரகரப்பு.

"யாரு?"

நான் உளறிவிட்டேன். "சுவர்... பள்ளிக்கூடத்துச் சுவர் விஷயமா..."

"ஓ, ரசமட்டம் பொண்ணா? பள்ளிக்கூடத்துல வேலையா? அப்ப காசு வருது." கரகரப்புச் சந்தோஷமாகச் சிரித்தது. "போன்ல பேசினா உங்களுக்கு உறைக்காது. வேலை நடக்கிற இடத்துக்கே வந்து நாலு பேர் கேக்குற மாதிரி கேக்குறேன்."

காது சுட்டது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த எண்ணைத் தட்டினேன்.

"சொல்லுங்க" என்றது அதிகாரமான குரல். "ஆள் அனுப்பலாம்னீங்களே, எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?"

இவர்தான். மூலையில் இருந்த என் முகம் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டியது. பொய் ஒன்று சொல்லலாமா என்று பார்த்தேன். அப்பாவின் தம்பிகூட ஞாபகத்துக்கு வந்தார். ஆனால் எந்தப் பொய்யும் உண்மையைவிட நம்பும்படியாக இல்லை.

"அம்மா, எங்க அப்பா உங்களைக் கடன்காரங்கன்னு நினைச்சுட்டாரு."

"என்னையா? நான் ஒரு காசு யார்கிட்டயும் வாங்கினதில்லையே."

"வாங்கினது நாங்கம்மா. அவங்க கொடுத்தவங்க. அவங்களும் ‘எப்ப கட்டுவீங்க’ன்னுதான் கேப்பாங்க. நீங்களும் அதையே கேட்டீங்க."

இருமல் மாதிரி ஒன்று கேட்டது. "எத்தனை பேர் இப்படிக் கேக்குறாங்க?"

"நாலு பேரும்மா. நீங்க அஞ்சாவது."

இந்த முறை அது இருமல் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. சிரித்து முடித்ததும் குரல் பழையபடி நிமிர்ந்துகொண்டது. "இங்க பாரு. சுவர் இல்லாம பிள்ளைங்க நேரா ரோட்டுக்கு ஓடுதுங்க. நாளைக்கே வேலை ஆரம்பிக்கணும். பாதிப் பணம் முன்னாடியே தர்றேன். ஆனா ஒரு விஷயம். கடன் கேக்குறேன்னு எவனாவது என் பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து கத்தினா, பெத்தவங்க என்னைத்தான் கேப்பாங்க. அன்னைக்கே வேலையை நிறுத்திடுவேன். சரியா?"

"சரிம்மா" என்றேன். கரகரப்பு வரப் போவதாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லா உண்மையையும் சொல்லித் தீர்த்துவிட முடியாது.

மறுநாள் அப்பா சுவருக்கு நேர் பார்க்க நூல் கட்டினார். நான் செங்கல் நனைக்கவும் போனைப் பார்த்துக்கொள்ளவும் கூடப் போனேன். முன்பணத்தில் செங்கல், சிமென்ட் போக மிஞ்சியதை வைத்துக்கொண்டு வசூல் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஏறி இறங்கி, மேனேஜரிடம் என்ன பேசினாளோ, இரண்டு கார்டுக்கும் சேர்த்துத் தவணைக்கு ஒப்புக்கொள்வதாகப் பேங்கிலிருந்தே எழுத்தில் வந்தது. முதல் தவணையைக் கட்டினோம். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று மெசேஜும் வந்தது. அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அப்பா படிக்கச் சொல்லவில்லை. அன்று இரவு போனைத் துண்டு இல்லாமல் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்.

சுவர் என் இடுப்புவரை வளர்ந்திருந்த ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் முழுக்க அமைதியாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்க வைக்கிற நேரம் அது. தாழ்வாரத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருவன் மட்டும் ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான். அந்த நேரத்தில் அப்பா செங்கல்லைத் தட்டக்கூட மாட்டார். பூசுகிற வேலையாக எடுத்துச் செய்வார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒண்ணு எழுந்தா எல்லாம் எழுந்திடும். எல்லாம் எழுந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒருவர் இறங்கினார். மீசையை முறுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரசமட்டம் யாரு இங்க?" என்று ஆரம்பித்தார். குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். கரகரப்பு. இடிந்த சுவர் எதுவென்று ஊரில் விசாரித்தே வந்திருக்க வேண்டும்.

சுவரில் பூசிக்கொண்டிருந்த அப்பாவின் கரண்டி அப்படியே நின்றது. உள்ளே அலுவலக ஜன்னல் வழியாகத் தாளாளர் அம்மாவின் கண்ணாடி மின்னியது. இன்னும் ஒரு வாக்கியம் வெளியே வந்தால் சுவர் இடுப்போடு நின்றுவிடும். தவணையும் அதோடு நின்றுவிடும்.

பேசுவதற்கு மூலை எதுவும் இல்லை. சுற்றிலும் வெட்டவெளி. நான் அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

"சார்" என்றேன், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில். "பிள்ளைங்க தூங்குறாங்க. மெதுவா."

அவர் வாயைத் திறந்தார். தாழ்வாரத்தில் ஒரு பிள்ளை சிணுங்கிப் புரண்டது. ஆயா எழுந்து, இடுப்பில் கை வைத்து, அவரையே பார்த்தார். கரகரப்புக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு வசதியே இல்லை. உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தத்தைத் திரும்ப விழுங்கினார். என்னைக் காட்டினார், அப்பாவைக் காட்டினார், கட்டை விரலையும் சுட்டு விரலையும் தேய்த்துக் காட்டினார்.

நான் போனை எடுத்து நீட்டினேன். பேங்க் எழுதிக் கொடுத்ததையும், ‘பெற்றுக்கொண்டோம்’ என்பதையும் நின்றபடியே படித்தார். தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தார். தன் போனை எடுத்து எதையோ சரிபார்த்தார்.

"மாசா மாசம் கட்டிடுவோம் சார்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே. "இனிமே எது கேக்கணும்னாலும் என்னைக் கேளுங்க. அப்பாவுக்குப் போன் பேச வராது."

அவர் ஏதோ சொல்ல நிமிர்ந்தார். ஆயா ஒரு அடி முன்னால் வைத்தார்.

கரகரப்பு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பைக்கை உதைக்கக் காலைத் தூக்கியவர், தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டுக் காலை இறக்கினார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், இரண்டு கையாலும் பிடித்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்.